பந்த் விபத்துக்குப் பிறகு எல்லாரும் கேட்ட அந்த ஆரஞ்சு சுத்தி: வாங்கலாமா?

2022 டிசம்பர் 30 விடியற்காலை. டெல்லியிலிருந்து ரூர்க்கி போகும் வழியில், நார்சன் அருகே சாலை நடுத்திட்டில் மோதி எரிந்தது கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தின் கார். அடுத்த சில நாட்களுக்கு டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. தூங்கிவிட்டார் என்றது போலீஸ். பள்ளத்தைப் பார்த்து ஒடித்திருக்கிறார் என்றது டெல்லி கிரிக்கெட் சங்கத் தரப்பு. அங்கே பள்ளமே கிடையாது என்றது நெடுஞ்சாலை ஆணையம். இதற்கு நடுவே ரத்தம் வழியும் முகத்தோடு அவர் கிடந்த படங்களை ஊரே ஃபார்வர்டு செய்தது. அதைக் கண்டித்து ரோகித் சர்மாவின் மனைவி எழுதியும் நிற்கவில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகும் ஜனங்கள் மனதில் தங்கிய வரி ஒன்று உண்டு: "கண்ணாடியை உடைச்சிட்டு வெளிய வந்துட்டாராம்."

கார் அக்சஸரீஸ் கடையில், ஆபத்தில் கார் ஜன்னலை உடைக்கும் ஆரஞ்சு சுத்தியைக் கேட்டு வருபவர்களின் வாயில் இன்றும் அந்த வரிதான் இருக்கிறது. அந்தச் சுத்தியையும் அதே வேலைக்கு வரும் மற்றக் கருவிகளையும் பற்றியதுதான் இந்த விமர்சனம். எது உடைக்கும், எது உடைக்காது, வட சென்னை வெயிலிலும் உப்புக் காற்றிலும் எது தாங்கும் என்று பார்ப்போம்.

அதற்கு முன் அந்த வரியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். முதலில் நின்று உதவிய ஹரியானா ரோட்வேஸ் பஸ் டிரைவர் பிறகு சொன்னபடி, அவர் பார்த்தபோது பந்த்தின் பாதி உடம்புதான் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அவரும் கண்டக்டரும் சேர்ந்துதான் இழுத்து அப்பால் கிடத்தினார்கள். 2021 பிப்ரவரி 23 அன்று கலிஃபோர்னியாவில் டைகர் வுட்ஸின் கார் உருண்டபோதும் இதே மாதிரி ஒரு திருத்தம் வந்தது. இரும்பை நறுக்கும் ஹைட்ராலிக் கருவியால் வெட்டி எடுத்தார்கள் என்றுதான் முதல் செய்தி. உண்மையில் தீயணைப்பு வீரர்கள் கோடரியாலும் கடப்பாரை மாதிரியான ஹாலிகன் கருவியாலும் முன் கண்ணாடியைப் பிளந்து, அதன் வழியாக எடுத்தார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் வீரர்கள், ஞாயிறு ஆட்டங்களில் அவர் போடுவதைப் போலவே சிவப்புச் சட்டையும் கருப்பு பேன்ட்டும் போட்டு ஆடினார்கள். படம் பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். கோடரி விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. சுத்தி வாங்குகிறவருக்குத் தேவையான தகவல் அந்தக் கோடரிதான்.

ஏன் என்றால், காரில் இரண்டு ஜாதிக் கண்ணாடி இருக்கிறது. முன் கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் ஏடு, பெரும்பாலும் 0.76 மி.மீ. தடிமனில் ஒட்டியிருக்கும். அடித்தால் சிலந்தி வலை மாதிரி விரியும், ஆனால் விலகாது. சுத்தியால் நூறு அடி அடித்தாலும் ஓட்டைதான் விழும், ஆள் போகிற வழி திறக்காது. பக்கத்துக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்டு. கடைக்காரர் பாஷையில் 'டஃபன்'. இதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றடித்து சட்டென்று குளிர வைக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு சுருங்கும்போது தோலைப் பிடித்து இழுக்கும். அதனால் தோல் எப்போதும் நெருக்கத்தில், உள்ளே எப்போதும் இழுவையில். உள்ளங்கையால் அறைந்தாலும் செருப்புக் காலால் உதைத்தாலும் அந்தத் தோல் தாங்கும். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் அதற்கு. ஆனால் ஊசிமுனை அளவு இடத்தில் தோல் கிழிந்தால் போதும். உள்ளே தேங்கிக் கிடந்த இழுவை ஒரே நொடியில் முழுக் கண்ணாடியையும் கற்கண்டு மாதிரி உதிர்த்துவிடும்.

ஆகவே பக்கக் கண்ணாடிக்கு வேண்டியது கூர்மை. வெறும் வேகம் பயன்படாது. கையில் கிடைத்த ஃபோன், தண்ணீர் பாட்டில், ஹீல்ஸ் செருப்பு எல்லாம் தோற்பது இதனால்தான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று, காசே ஆகாது. ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு முத்திரை அச்சிட்டிருக்கும். டெம்பர்டு அல்லது டஃபன்டு என்றிருந்தால் உடையும். லேமினேட்டட் என்றிருந்தால் அந்த ஜன்னலை மறந்துவிடுங்கள். சத்தம் குறைக்க என்று சொல்லி விலை கூடிய மாடல்களில் முன் இரண்டு கதவுகளுக்கும் லேமினேட்டட் கண்ணாடி போடுகிறார்கள். பின் கதவுகளில் டெம்பர்டையே விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் வெளியேறும் வழி பின்சீட் ஜன்னல். அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2019இல் மூன்று சுத்தி, அழுத்தினால் குத்தும் ஸ்பிரிங் கருவி மூன்று என்று ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை ஆறில் நான்கு உடைத்தன. ஸ்பிரிங் வகை சுத்தியைவிட நன்றாக வேலை செய்தது. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூடத் திறக்கவில்லை. மொபைலில் முத்திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாலு ஜன்னலுக்கும்.

இனி பொருள்களுக்கு வருவோம். சந்தையில் நாலு வகை சுற்றுகிறது.

முதல் வகை, எல்லாருக்கும் தெரிந்த ஆரஞ்சு சுத்தி. ஆம்னி பஸ்ஸில் ஜன்னலுக்கு மேல் தொங்குமே (அல்லது தொங்கிய கொக்கி மட்டும் இருக்குமே), அதன் தம்பி. இரண்டு பக்கமும் கூம்பு முனை, கைப்பிடியின் அடியில் பெல்ட் அறுக்கும் பிளேடு, சுவரில் மாட்ட ஒரு ஸ்டாண்டு. 150 ரூபாயிலிருந்து 300 வரை. சும்மா பார்த்தால் கனமாக, கெத்தாக இருக்கும். பிரச்சினை, இதற்கு வீச இடம் வேண்டும். பெல்ட் இறுகிப் பிடித்திருக்கும் டிரைவருக்கும் அவருடைய வலது ஜன்னலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். முழங்கை சீட்டிலேயே இடிக்கும். பக்கத்துத் திரை ஏர்பேக் விரிந்திருந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு தொங்கும், அதன் மேல் அடித்தால் தலையணையில் அடித்த மாதிரி. தண்ணீருக்குள் என்றால் இன்னும் மோசம், வீச்சின் வேகத்தைத் தண்ணீரே குடித்துவிடும். இன்னொன்று, உடைந்தவுடன் கை சுத்தியோடு சேர்ந்து வெளியே பாயும். மணிக்கட்டில் வெட்டு விழாமல் திரும்பாது.

இரண்டாவது, சாவிக்கொத்தில் தொங்கும் ஸ்பிரிங் வகை, அதாவது ஸ்பிரிங் பஞ்ச். கட்டைவிரல் நீளம்தான். கருப்பு மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு, முள் 'டக்' என்று வந்து குத்தும். தானே பின்வாங்கி அடுத்த அடிக்குத் தயாராகும். வீச்சு தேவையில்லை. ஏர்பேக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அடியில் நுழைத்து அழுத்தலாம். தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். கை வலுவில்லாத பாட்டியும் அழுத்தலாம், பதினைந்து வயதுப் பிள்ளையும் அழுத்தலாம். இருப்பவற்றில் நல்லது இதுதான். ஆனால் 99 ரூபாய்க்கு வரும் நகல்களில் ஸ்பிரிங் சோர்ந்த ஸ்பிரிங். 'டக்' சத்தம் வரும், கண்ணாடியில் புள்ளிகூட விழாது. கடையிலேயே ஒரு மரப்பலகையில் அழுத்திப் பாருங்கள். தெளிவான குழி விழ வேண்டும். ஐந்து முறை அழுத்தினால் ஐந்து குழியும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது அடியில் சிக்கி நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, டார்ச்லைட், பவர் பேங்க், சிவப்பு விளக்கு, காந்தம், திசைகாட்டி என்று எட்டு வேலை ஒன்றாகச் செய்யும் அந்தத் தடியன். இதை விட்டுவிடலாம். காசிமேட்டில் கூரை இல்லாத இடத்தில் மத்தியானம் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பும். தீயிலிருந்து தப்பிக்க வாங்கிய பொருளே தீக்குச்சியாக இருப்பது என்ன கணக்கோ. தவிர, அந்த முனை பெரும்பாலும் முலாம் பூசிய மெது இரும்பு. நாலு அடியில் மழுங்கும்.

நான்காவது, கார் கடையில் கிடைக்காது. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்க வேண்டும். "அண்ணே, ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச் குடுங்க" என்றால் பேனா மாதிரி பித்தளை அல்லது இரும்பு உருளை ஒன்றை எடுத்துப் போடுவார். லேத் பட்டறையில் துளை போடுவதற்கு முன் இரும்பில் புள்ளி வைக்கும் கருவி. தலைமூடியைத் திருகினால் அடியின் பலம் கூடும், குறையும். இதை முழுவதும் இறுக்கி வைத்துவிட்டால், டெம்பர்டு கண்ணாடி ஒரே அழுத்தில் கொட்டும். தீயணைப்பு வீரர்களின் பையிலும் இந்தக் கருவி உண்டு. 200 முதல் 400 ரூபாய். பிளேடு இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டும். நீளம் அதிகம் என்பதால் கையில் நன்றாகப் பிடிபடும், இருட்டில் தடவினாலும் தெரியும். பட்டறைக்காரர்கள் தினமும் உபயோகிக்கும் பொருள் என்பதால் நகல்களிலும் ஓரளவு தரம் இருக்கிறது.

முனையைப் பற்றி இரண்டு வரி. டங்ஸ்டன் கார்பைடு என்று போட்டிருந்தால் நல்லது. துருப்பிடிக்காது, மழுங்காது. சாதா இரும்பு முனை எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் காற்றுக்கு ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பு ஏறும். முனையில் துரு ஏறினால் கூர்மை போகும், அதைவிட மோசம் ஸ்பிரிங்கிலும் குழலுக்குள்ளும் துரு ஏறிச் சிக்குவது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பத்து முறை பலகையில் அழுத்தினால் போதும். கிரீஸ் வேண்டாம், தூசி சேர்ந்து கெட்டியாகும்.

அடிக்கும் இடம் நடுவில் இல்லை. நடுவே கண்ணாடி வளைந்து கொடுக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். மூலையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, சட்டத்தோடு ஒட்டிய இடத்தில் வையுங்கள். கருவியை நேராக, 90 டிகிரியில் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வழுக்கும். முகத்தைத் திருப்பி, துண்டோ துப்பட்டாவோ இருந்தால் மூடிக்கொள்ளவும். குழந்தை உட்கார்ந்திருக்கும் பக்கத்து ஜன்னலை முதலில் உடைக்கக்கூடாது. தீ என்றால் பொதுவாக முன்னால் என்ஜினில்தான் பிடிக்கும், அதனால் பின் ஜன்னலே நல்லது.

சன் ஃபிலிம் ஒட்டிய வண்டிக்காரர்கள் கவனிக்க: கண்ணாடி தூளாகும், ஆனால் ஃபிலிம் அதைப் பாய் மாதிரி பிடித்துக்கொண்டு சட்டத்திலேயே நிற்கும். 'உடையல' என்று நினைத்து அடுத்த ஜன்னலுக்கு ஓடாதீர்கள். இரண்டு காலாலும் அல்லது முழங்கையில் துணி சுற்றி வெளிப்பக்கம் தள்ளினால் மொத்தமாகப் பெயர்ந்து விழும். கருப்பு ஃபிலிம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. வெயிலுக்காக ஒட்டியவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பெல்ட் பிளேடு. சுத்தியில் அதிகம் ஏமாற்றும் பாகம் இது. சீட் பெல்ட் என்பது நெருக்கி நெய்த பாலியஸ்டர், கிட்டத்தட்ட 47 மி.மீ. அகலம். பிளேடு ஒளிந்திருக்கும் அந்தக் காடி குறுகலாக இருந்தால் மடிந்த பெல்ட் உள்ளே நுழையாது. ரொம்ப அகலமாக இருந்தால் விரல் நுழையும். வாங்கியதும் பழைய ஸ்கூல் பேக் பட்டையை யாரையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, 45 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் போனால் சரி. ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் தேய்க்க வேண்டியிருந்தால் அந்தப் பிளேடு விபத்தில் உதவாது. சோதித்துப் பார்த்த பிளேடு கொஞ்சம் மழுங்கும். ஒன்று அல்லது இரண்டு தடவைக்கு மேல் சோதிக்க வேண்டாம். நிஜத்தில் பெல்ட் தளர்வாக இருந்தால் அறுபடாது. அறுக்கும் இடத்தை ஒரு கையால் இழுத்து விறைப்பாக்க வேண்டும். பக்கிளுக்குப் பக்கத்தில் இடுப்புப் பட்டையில் முதல் வெட்டு, அதிலும் விடுபடவில்லை என்றால் தோள் பட்டையில் இரண்டாவது. வண்டி கவிழ்ந்து தலைகீழாகத் தொங்குகிறீர்கள் என்றால், ஒரு கையால் கூரையைத் தாங்கி, காலை டேஷ்போர்டில் ஊன்றிய பிறகே அறுக்க வேண்டும். இல்லையென்றால் முழு எடையும் கழுத்தில் இறங்கும். இத்தனையும் சொன்னாலும், பத்துக்கு ஒன்பது நேரம் சிவப்பு பட்டனே வேலை செய்யும். முதலில் பட்டன், பிறகுதான் பிளேடு.

எங்கே மாட்டுவது? டேஷ்போர்டு டிராயருக்குள் வைத்தால் மோதலில் டிராயர் திறந்து கருவி எங்கோ பறக்கும். டிக்கியில் வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். கண்ணாடியை ஒட்டிய தூண்கள், கூரை ஓரம், ஏர்பேக் என்று பொறித்த எந்த இடத்திலும் எதையும் ஒட்டக்கூடாது. ஏர்பேக் வெடிக்கும்போது அது குண்டு மாதிரி உங்கள் பக்கமே வரும். நல்ல இடம், டிரைவரின் இடது முழங்காலை ஒட்டிய நடு கன்சோலின் பக்கவாட்டு. பெல்ட் போட்டுக்கொண்டு, சீட்டில் முதுகு சாய்ந்தபடி, கண்ணை மூடித் தடவினால் கைக்கு வர வேண்டும். டபுள் சைடு டேப் நம் ஊர் வெயிலுக்கு ஏப்ரலிலேயே உருகி விழும். வெல்க்ரோவும் இரண்டு சின்ன ஸ்க்ரூவும் போடுங்கள், ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயர் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு. சாவிக்கொத்தில் போடுவதானால், சாவி திருகும் வண்டியில் கருவி சாவியோடு ஸ்டீயரிங் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். இழுத்தால் தனியாகக் கழன்று வரும் கொக்கி இருக்கும் வகையை வாங்குங்கள். பின்சீட்டுக்கு இன்னொன்று கட்டாயம்.

வட சென்னைக்காரருக்கு இதைத் தீயைவிடத் தண்ணீருக்காகவே சிபாரிசு செய்ய வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயும் திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சப்வேயும் பெருமழையில் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஓர் அடித் தண்ணீரிலேயே சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கலாம், இரண்டடி என்றால் பெரும்பாலான கார்களைத் தூக்கிவிடும். அந்த நிலையில் கதவைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் வெளியே 60 செ.மீ. உயரம் தண்ணீர் நின்று, உள்ளே இல்லை என்றால், கிட்டத்தட்ட 180 கிலோ அந்தக் கதவில் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்களைத் தண்ணீரில் இறக்கியே ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் வரிசை இது: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, உடனே வெளியேறு, பிள்ளைகளை முதலில் அனுப்பு. கார் மிதந்துகொண்டிருக்கும் முதல் ஒரு நிமிடம்தான் உங்கள் நேரம். அந்த நிமிடத்தில் பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். ஃபோனை எடுத்து வீட்டுக்குப் பேசினால் அந்த நிமிடம் போய்விடும். தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டால் கண்ணாடி அதன் தடத்தில் இறுகி இறங்காது. அப்போது வெளியே எடுக்க வேண்டியதுதான் ஸ்பிரிங் பஞ்ச். என்ஜின் கனத்தில் மூக்கு முதலில் இறங்கும், ஆகவே பின் ஜன்னல். உடைந்ததும் தண்ணீர் பலமாகப் பாயும், மூச்சை இழுத்துப் பிடித்த பிறகு அழுத்துங்கள்.

ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ பற்றி. அந்தக் கம்பி உயரம் கூட்டிக் குறைக்கத்தான், உடைக்க வடிவமைத்ததல்ல. ஜன்னலுக்கும் கதவு ரப்பருக்கும் நடுவே ஒரு கம்பியைச் செருகி, நெம்பினால் சில வண்டிகளில் உடையும். அடிப்படை மாடல்களில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒட்டியே வரும், கழலாது. கழலும் வண்டியிலும் பூட்டு பட்டன் எங்கே என்று தேடுவதற்குள் நேரம் போகும். வேறு எதுவும் இல்லாதபோது பார்க்கலாம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி பக்கமும் ராத்திரி ஓட்டுபவர்களுக்கு வேறு கணக்கு. துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லரின் பின்னால் காரைச் செருகினால், பெரும்பாலும் கூரையும் முன் தூணும் நசுங்கிவிடும், ஆள் காலோடு மாட்டிக்கொள்வார். அங்கே இந்தக் கருவி உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. மயக்கத்தில் இருக்கும் ஆள், கை முறிந்த ஆள், ஸ்டாண்டில் இருக்கும் சுத்தியைத் தேடி எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பந்த் விபத்தின் செய்தியை ஒழுங்காகப் படித்திருந்தால் இங்கே வந்திருப்போம்: எதிரே வந்த ஒரு பஸ் நின்றது. அதனால் என் முதல் சிபாரிசு கார்க்காரருக்கு இல்லை. ஷேர் ஆட்டோ டிரைவர், டிரெய்லர் டிரைவர், ராத்திரி டீக்கடைக்காரர், டெலிவரி பையன், இவர்கள் சாவிக்கொத்தில் ஆளுக்கொரு ஸ்பிரிங் பஞ்ச் தொங்க வேண்டும். காரில் போகிறவர் தனக்கென்று வாங்கியதைவிட, வழியில் நிற்கிறவர் கையில் இருப்பதற்கு வேலை அதிகம்.

வெளியிலிருந்து உடைப்பவர் வழக்கமாகக் கையில் எடுப்பது கருங்கல் அல்லது ஜாக்கி லிவர். கல் உடைத்துவிடும், கூடவே உள்ளே இருப்பவர் மடியிலோ மண்டையிலோ விழும். பஞ்ச் அதைச் செய்யாது. முதலில் நாலு கதவுக் கைப்பிடியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். மோதலில் தானாகவே பூட்டு திறந்துகொள்ளும் வண்டிகள் நிறைய உண்டு. திறக்கவில்லை என்றால், ஆள் இருக்கும் இடத்துக்கு எட்டத்தில் இருக்கும் ஜன்னலை உடைத்து, உள்ளே கை விட்டுக் கதவைத் திறக்க வேண்டும். தீயோ தண்ணீரோ இல்லை என்றால் இழுத்து வெளியே போடாதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு அடித்துக் காத்திருப்பதே சரி. தீ பிடித்துவிட்டால் முறையெல்லாம் பார்க்க முடியாது, அக்குளில் கை கொடுத்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். 'கேஸ்ல மாட்டிப்போம்' என்ற பயம் பழசு. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவியவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேர சிகிச்சை ஒரு வரம்பு வரை அரசு செலவில் நடக்கும்.

தீயணைப்பான் பற்றியும் கேட்பார்கள். ஒரு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் வைத்துக்கொள்ளலாம், பத்து நொடி அளவுக்குத்தான் பாயும். பானெட்டை முழுசாகத் திறந்து அடிக்கக்கூடாது, காற்று பட்டுத் தீ எகிறும். விரலளவு இடைவெளி விட்டு அதன் வழியாக அடிக்க வேண்டும். ஆள் வெளியே வந்த பிறகு செய்கிற வேலை அது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் சொந்தக் காரில் கை வைக்க வேண்டாம். புதுப்பேட்டை காயலான் கடைகளில் அடிபட்ட வண்டியின் கதவுக் கண்ணாடி சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் கண்ணாடியைச் சும்மா தரையில் கிடத்தி அடித்தால் முடிவு தப்பாக வரும். சட்டத்தோடு இருக்கும் கதவாகப் பார்த்து, நிமிர்த்தி வைத்து, பின்னால் கோணி கட்டி, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு அழுத்துங்கள். டூவீலர் கிளப், ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி இடங்களில் பத்து பேர் சேர்ந்து ஒரு கதவு வாங்கினால் ஆளுக்கு டீ செலவுதான். அந்தச் சத்தத்தையும் அந்த அழுத்தத்தையும் ஒரு தடவை கை பழகிவிட்டால் பிறகு தடுமாறாது.

ஆரஞ்சு சுத்தி தொங்கும் அதே கம்பியில் பக்கத்திலேயே இன்னொரு பொருளும் தொங்கும். பெல்ட் போடாமலே பக்கிளில் செருகி 'பீப்' சத்தத்தை நிறுத்தும் உலோகக் கிளிப். 2022 செப்டம்பரில் பின்சீட்டில் பெல்ட் போடாத டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்த பிறகு இந்தக் கிளிப் பேச்சாகி, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவால் ஐந்து ஆன்லைன் கடைகள் 13,118 கிளிப் பட்டியல்களை நீக்கின. நேரடிக் கடைகளில் கேட்டால் இன்னும் எடுத்துத் தருகிறார்கள். இரண்டையும் ஒரே பில்லில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பெல்ட் போடாதவர் மோதலில் ஸ்டீயரிங்கிலோ முன் சீட்டிலோ போய் இடித்த பிறகு, கன்சோலில் இருக்கும் பஞ்ச்சை எடுக்க அவருக்குக் கை இருக்காது.

வாங்கும் வரிசை: காருக்கு இரண்டு ஸ்பிரிங் பஞ்ச், ஒன்று கன்சோலில், ஒன்று பின்சீட்டில். கூடவே தனி பெல்ட் பிளேடு ஒன்று. பட்ஜெட் இடித்தால் பாரிமுனை சென்டர் பஞ்ச் ஒன்றும் பிளேடு ஒன்றும் போதும், 500 ரூபாய்க்குள் முடியும். ஆரஞ்சு சுத்தி ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், வீச இடம் இருக்கும் வேன், டெம்போ டிராவலர் மாதிரி வண்டிகளுக்கு அது சரிதான். பிளேடை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள், கடலோரம் நிற்கும் வண்டி என்றால் வருஷா வருஷம், மழைக்கு முன்னால் செப்டம்பரில்.